காணியைக் கைவிட்ட காரணம்

1

நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் நிறைந்த அன்று, என் மனைவி இந்திரா இடியப்பமும் மீன் சொதியும் வைத்திருந்தாள். இரண்டாவது இடியப்பத்தைப் பிய்க்கும்போது மகன் அருள் வேலையால் வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு படிவத்தை என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அப்பா, இதிலை உங்கடை கையெழுத்து வேணும்.”

பிய்த்த இடியப்பத்தைக் கோப்பையிலேயே விட்டேன். எங்கள் வீட்டில் படிவங்கள் எப்போதும் மறுதிசையில்தான் போகும். எட்டு வயதிலிருந்து என்னுடைய படிவங்களை நிரப்புகிறவன் அவன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் மடியில் இருந்துகொண்டு, எனக்கு ஏன் விசாவை நீடிக்க வேண்டும் என்று அதிகாரிக்கு விளக்கம் சொன்னவன். அந்த அதிகாரி அவனுக்கு ஒரு இனிப்பும் எனக்கு ஆறு மாத விசாவும் தந்தார். அப்படிப்பட்டவன் என் கையெழுத்தைக் கேட்டு நிற்கிறான் என்றால் விஷயம் பெரிது.

அருளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. இயந்திரப் பொறியியல் படித்து முடித்து, தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். தனியாக வீடு எடுத்துப் போக விரும்பினான். ஆனால் அவனுடைய வேலை ஆறு மாத ஒப்பந்தம். ஆறு மாதம் முடிந்தால் இன்னொரு ஆறு மாதம் தருவார்கள், அல்லது தரமாட்டார்கள். இதற்கு ஜெர்மன் மொழியில் ‘பெஃப்ரிஸ்டெட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை ஏதோ ஒரு வருத்தத்தின், ஒட்டுநோயின் பெயர்போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். இந்த வருத்தம் உள்ளவனுக்கு வீடு கொடுப்பதானால் நிரந்தர வேலையில் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் வேலை நிரந்தரம். டோர்ட்முண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன்.

பேனாவை எடுத்தேன். ஆனால் சும்மா கையெழுத்து வைக்க என் வாய் விடவில்லை.

“உன்ர வயசிலை எனக்கு மூண்டு ஏக்கர் காணி இருந்தது. மோட்டார் சைக்கிள் இருந்தது. மனுசி இருந்தா. பிள்ளை இருந்தது.”

“அந்த ஒழுங்கிலையோ?” என்று இந்திரா குசினிக்குள் இருந்து கேட்டாள்.

அடுத்த நாள் அருளும் நானும் வீட்டுக்காரரிடம் போனோம். பிணை நிற்பவருக்கு ஜெர்மன் மொழியில் ‘ப்யூர்கே’ என்று பெயர். டிராமில் போகும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் வீட்டுக்காரரின் கையைக் குலுக்கிய பதற்றத்தில், “நான் இவனுடைய பர்கர்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அருள் கூரையைப் பார்த்தான்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் சம்பளத் துண்டையும் அருளின் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“மகனுக்குச் சம்பளம் இருக்கிறது, வேலை நிலையில்லை. உங்களுக்கு வேலை நிலையாக இருக்கிறது, சம்பளம் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக்க வழி இருந்தால் நான் சந்தோசமாக வீடு தருவேன்.”

திரும்பி வரும்போது அருள் டிராம் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அவனைத் தேற்றத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றையே மறுபடியும் சொன்னேன்.

“உன்ர வயசிலை எனக்கு மூண்டு ஏக்கர்...”

“அப்பா,” என்றான். “சின்னனிலை இருந்து சொல்லுறியள். ஒருக்கால் அந்தக் காணியைக் காட்டுங்கோ.”

2

அந்த மூன்று ஏக்கரைப் பற்றி அவனுக்கு என்ன சொல்லி வைத்திருந்தேன் என்பதை நீங்களும் அறிய வேண்டும்.

எழுபதுகளில் வன்னியில் படித்த வாலிபர்களுக்குக் காடு வெட்டிச் செய்கை பண்ணக் காணி கொடுத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. பரீட்சையில் பாஸ், வேலையில்லை. விசுவமடுவில் மூன்று ஏக்கரும் ஒரு பெர்மிட் பத்திரமும் கிடைத்தன. குளத்துத் தண்ணீரை இயந்திரத்தால் ஏற்றி வாய்க்காலில் விட்டார்கள். நாங்கள் மிளகாய் நட்டோம். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மிளகாய் நாட்டுக்குள் வர விடவில்லை. கொழும்பிலிருந்து லொறிகள் வந்து எங்கள் படலை வாசலில் வரிசையாக நிற்கும். காயவைத்த செத்தல் மிளகாய் மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, மூக்கு எரிய எரிய நாங்கள் மோட்டார் சைக்கிள் வாங்கப் போனோம்.

கலியாணத் தரகர்கள் அரசாங்கக் கிளாக்கர்மாரை விட்டுவிட்டு எங்களைத் தேடி வந்த காலம் அது. இந்திராவின் தகப்பன் கனகராயன்குளத்திலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தவர், என்னுடன் பேசியதைவிடக் காயப்போட்டிருந்த மிளகாயுடன்தான் அதிகநேரம் நின்றார். குனிந்து ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, தும்மிவிட்டு, “சரி, கலியாணத்தை முற்றாக்குவம்” என்றார்.

இதையெல்லாம் நான் அருளுக்குச் சொல்லும்போது, இறக்குமதித் தடையை மட்டும் சொல்லமாட்டேன். கேட்பவனுக்கு அது முழுக்க என் மூளையாலும் முயற்சியாலும் நடந்ததுபோல இருக்கும். கடைசி வரியும் எப்போதும் ஒன்றுதான்.

“பிறகு யுத்தம் வந்தது. எல்லாம் போயிட்டுது.”

இந்தக் கட்டத்தில் இந்திரா ஏதாவது ஒரு அலுமாரியைத் திறந்து எதையாவது தேடத் தொடங்கிவிடுவாள்.

3

சமாதான காலம். யுத்தம் நின்று, வன்னிக்குப் போகும் கண்டி வீதி திறந்திருந்தது. மறுவருடம் ஆவணியில் அருளும் நானும் புறப்பட்டோம். இந்திராவுக்கு லீவு கிடைக்கவில்லை. என் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் அந்தப் பழைய பெர்மிட் இருந்தது. அருளுக்குச் சொல்லாத திட்டம் ஒன்றும் என்னிடம் இருந்தது. காணியை மீட்டு, அவன் பெயருக்கு மாற்றிவிடுவது. டோர்ட்முண்டில் ஒரு அறை கிடைக்காதவனுக்கு விசுவமடுவில் மூன்று ஏக்கர்.

வவுனியா கடந்தால் படிவங்கள். ஓமந்தையில் இராணுவம் ஒரு பக்கம், புளியங்குளத்தில் புலிகள் மறுபக்கம். ஜெர்மனியில் இருபது வருடம் படிவங்களோடு வாழ்ந்து பழகிய எனக்கு ஊருக்குள் நுழைகிற உணர்வு அங்கேதான் வந்தது.

அருள் ஆறு வயதில் ஜெர்மனிக்கு வந்தவன். அவனுடைய தமிழ் அந்த ஆறு வயதோடு நின்றுவிட்டது என்பதை நான் புளியங்குளத்தில்தான் கவனித்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெடியனுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஆறடி உயரமான என் மகன் அவனை “மாமா” என்று கூப்பிட்டான்.

“தொழில்?” என்று பெடியன் கேட்டான்.

“எஞ்சினியர், மாமா.”

பெடியன் எழுதப்போனான். அருளுக்கு ஜெர்மன் நேர்மை. படிவத்தில் பாதி உண்மை எழுதப்படுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“ஆறு மாசத்துக்கு மட்டும்,” என்றான்.

“நிக்கப்போறது ஆறு மாசமோ?”

“நிக்கிறது மூண்டு கிழமை. எஞ்சினியர் ஆறு மாசம்.”

பெடியன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “ஐயா, இவர் என்ன சொல்லுறார்?”

“எஞ்சினியர் எண்டு எழுதுங்கோ, தம்பி,” என்றேன்.

எழுதிவிட்டு அவன் அருளிடம் மரியாதையாகச் சொன்னான். “அண்ணை, என்னை மாமா எண்டு சொல்லாதேங்கோ. பின்னுக்கு நிக்கிற ஆக்கள் சிரிக்கினம்.”

4

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் விசுவமடுவுக்குப் போனோம். வீதியின் இருபக்கமும் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வருடக்கணக்காகச் சீமெந்து கிடைக்காமல் இருந்த சனம், கிடைத்ததும் ஒரேயடியாகக் கட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் ஓட்டோவுக்கு முன்னால் சீமெந்து மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஊர்வலம்போலப் போயின.

என் காணியில் மிளகாய் இல்லை. படலையிலிருந்து பின் வேலிவரை சீமெந்துக் கல்லுகள். அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு, வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் கத்தரியும் வெண்டியும். நடுவில் தகரக் கூரை போட்ட வீடு.

வீட்டுக்குள்ளிருந்து ராமையா வந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து குடும்பத்துடன் வன்னிக்கு வந்தவர். அப்போது என் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடம் நான் புறப்படும்போது, “காணியைப் பாத்துக்கொள்” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“வாங்கய்யா, வாங்க. தம்பிதான் மகனுங்களா? அப்ப கைப்பிள்ளை.”

சிரித்தார். ஆனால் அவருடைய பார்வை என் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குப் போய், அங்கேயே நின்றது.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் அவருடைய மகள் வந்தாள். பெயர் செல்வமலர், இருபத்தைந்து வயது. சேலையில் வந்தவள், உள்ளே போய்ப் பழைய சட்டையும் பாவாடையுமாகத் திரும்பி வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். காலையில் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. பின்னேரம் கல் அரிகிற வேலை, சீமெந்தை அச்சில் போட்டுக் கல்லாக்குவது. இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தாள். அச்சும் கணக்கும் விலை பேசுவதும் அவள் பொறுப்பு.

அருளுக்கு அந்த அடுக்குகளைப் பார்த்து ஒரே வியப்பு. சின்ன வயதில் அவன் ‘ள’ வராமல் கஷ்டப்பட்டவன். இந்திரா திருத்தித் திருத்தி, இப்போது எல்லா இடத்திலும் ‘ள’தான் போடுவான்.

“இந்தக் கள்ளு எல்லாம் நீங்களோ செய்யிறனீங்கள்?” என்று கேட்டான்.

கூலிக்கு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்வமலர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“கள்ளு பக்கத்து வளவிலை. அது காலமையிலைதான் இறக்குவினம். இஞ்சை நாங்கள் கல்லு அரியிறனாங்கள்.”

பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். நான் ராமையா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன்.

“நீங்கள் ரீச்சரோ, கல்லுக்காரரோ?” இந்தத் தடவை அருள் கவனமாகச் சொன்னான்.

“ரீச்சர்தான். தொண்டர். நிரந்தர நியமனம் வருமட்டும்.”

“எப்ப வரும்?”

“ஆறு வருசமா வரப்போகுது.”

அருளின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் தன் வருத்தமே உள்ள ஒருவரைச் சந்தித்தவனின் முகம் அது.

“நான் ஆறு தரம் ஆறு மாசம்,” என்றான்.

“சம்பளம் தருவினமோ?”

“ஓம்.”

“பிறகென்ன குறை உங்களுக்கு?”

“வீடு தரமாட்டினம். பாங்க் கடன் தராது.”

“எனக்கும்தான் தராது,” என்றாள். “கல் அரியிற மெசின் ஒண்டு வாங்கக் கடன் கேட்டுப் போனனான். மனேச்சர் வடிவா இருத்தி வைச்சுக் கதைச்சவர். வேலை நிரந்தரமோ எண்டார். இல்லை எண்டன். காணி ஆரின்ர பேரிலை எண்டார். ஜெர்மனியிலை இருக்கிற ஒரு ஐயாவின்ர பேரிலை எண்டன். அதோடை எழும்பிக் கை தந்து அனுப்பிப்போட்டார்.”

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பேச்சு எனக்காகத்தான் என்று விளங்கியது. மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நேரே கேட்டாள்.

“ஐயா பெர்மிட்டோடை வந்திருக்கிறியள் எண்டு அப்பா சொன்னவர். காணி உங்கடை. அதிலை கதையில்லை. கல்லு எங்கடை. எழும்பச் சொன்னா ஏத்திக்கொண்டு போவம். ஆனா ஒரு மாசம் தாங்கோ. பள்ளிக்கூட மதிலுக்கு ஓடர் எடுத்திட்டன், அதை முடிச்சுக் குடுக்கோணும்.”

ராமையா, “ஏய், சும்மா இரு புள்ள” என்றார். அவருடைய மனைவி கதவோரம் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அருள் என்னைப் பார்த்தான். அந்த உறைக்குள் பெர்மிட் இருந்தது அவனுக்கு அதுவரை தெரியாது.

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். அது முடிந்துபோயிருந்தது.

“யோசிச்சுச் சொல்லுறன்,” என்றேன். அருள் எனக்குக் காத்திராமல் போய் ஓட்டோவில் ஏறிக்கொண்டான்.

5

கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து இந்திராவுக்கு எடுத்தேன். நிமிடத்துக்குக் காசு, கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். நான் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லி, எங்கள் உரிமையை நீளமாகச் சொன்னேன். காடாக இருந்ததை வெட்டியது நான். கல் பொறுக்கியது நான். பத்திரம் என் பெயரில். பெடியனுக்கு என்றைக்காவது ஒன்று வேண்டாமா?

“இஞ்சேருங்கோ,” என்றாள் இந்திரா. “அந்தக் காணிக்கு நீங்கள் கடைசியாத் தண்ணி விட்டது எப்ப?”

“அது... எழுபத்தெட்டு.”

“அந்தாள்?”

“இண்டைக்குக் காலமையும் விட்டவர். கத்தரிக்கு.”

“பிறகு என்னத்துக்கு ரெலிபோன் எடுத்தனியள்? பெடியனை வெய்யிலிலை திரிய விடாதேங்கோ.”

வைத்துவிட்டாள். கடைக்காரர் தன் வாழ்க்கையில் இவ்வளவு குறுகிய வெளிநாட்டு அழைப்பைக் கண்டதில்லை என்றார். கோபம் வந்தது. ஆனால் யாரோடு கோபிப்பது என்று யோசித்துப் பார்த்ததில், ஒருவரும் அகப்படவில்லை. செல்வமலர் வங்கி மனேச்சரின் கதையைச் சொன்னபோது, கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு டிராமில் வந்த அருளைத்தான் நான் பார்த்தேன். அதை இந்திராவிடம் சொல்லவில்லை. சொல்ல அவள் நேரமும் தரவில்லை.

அடுத்த நாள் காலை அருளிடம், “காணிக் கந்தோருக்குப் போறம், வா” என்றேன்.

“என்னத்துக்கு?” என்றான் சந்தேகமாக.

“விட்டுக் குடுக்க.”

6

காணி அலுவலகத்தில் இருந்த கிளாக்கர் நடுவயதுக்காரர். நிதானமான மனிதர். நான் சொல்லியனுப்பி வந்திருந்த ராமையாவையும் செல்வமலரையும் கதிரையில் இருத்தினார். எனக்குத் தண்ணீர் தந்தார். நான் காணியைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தால், விசாரணை வைத்து, இருபத்தைந்து வருடமாகச் செய்கை பண்ணுகிறவர்களுக்குப் பத்திரம் கொடுக்கச் சிபாரிசு செய்யலாம் என்றார். ஒரு படிவத்தை நீட்டினார்.

பெயர். பெர்மிட் இலக்கம். காணியை விட்டு நீங்கிய ஆண்டு. 1978 என்று எழுதினேன். அடுத்தது, ‘காணியைக் கைவிட்ட காரணம்.’

யோசிக்கவேயில்லை. ‘யுத்தம்’ என்று எழுதினேன்.

கிளாக்கர் வாசித்தார். பிறகு ஒரு வரி மேலே போய் மறுபடி வாசித்தார்.

“ஐயா, எழுபத்தெட்டிலை என்ன யுத்தம்?”

நான் எழுதிய ஆண்டை நானே குனிந்து பார்த்தேன்.

ராமையாவுக்குப் பொறுக்கவில்லை. என்னைக் காப்பாற்ற முன்வந்தார். “எழுபத்தேழிலே கலவரம் நடந்துச்சுங்களே, அதைப் போட்டா என்னாங்க?”

“அது உங்களையெல்லோ இஞ்சை கொண்டுவந்தது,” என்றார் கிளாக்கர். “இவரை ஏன் கொண்டுபோனது?”

அருள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தமிழ் ஆறு வயதுத் தமிழாக இருக்கலாம். ஆனால் படிவம் வாசிப்பதில் அவனை ஏமாற்ற முடியாது. எட்டு வயதிலிருந்தே முடியாது.

“அப்பா,” என்றான் மெதுவாக. “யுத்தம் இல்லையோ?”

கிளாக்கர் இன்னொரு புதிய படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். இரக்கமான செயல் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அந்தப் படிவத்தைக் கிழித்து வாயில் போட வேண்டும்போல இருந்தது.

நான் எழுதினேன். ‘வெளிநாட்டு மிளகாய் வரத் தொடங்கியது. செத்தல் மிளகாய் விலை விழுந்துவிட்டது. மறுபடி நட எனக்குத் துணிவு வரவில்லை.’

கிளாக்கர் வாசித்துவிட்டு, “இப்ப சரி,” என்று முத்திரையைக் குத்தினார். ராமையா பார்வையைச் சுவருக்கு மாற்றிக்கொண்டார். அந்த வருடம் விலைபோகாத மூட்டைகளை என்னோடு சேர்ந்து வெய்யிலில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, கடைசியில் குளக்கரையில் கொட்டியவர் அவர்தான். இருபத்தைந்து வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்து ஒரு கடையில் சோடா வாங்கினோம். அருள் பாதிப் போத்தலைக் குடித்துவிட்டுக் கேட்டான்.

“அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?”

“இருபத்தாறு.”

அவனுக்கும் அப்போது இருபத்தாறு. கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். நியாயமும் அதுதான். அவன் சிரிக்கத் தொடங்கினான். சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு சோடா மூக்கால் வரும்வரை சிரித்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. எனக்குக் காது சுட்டது. ஆனால் கழுத்தில் கட்டியிருந்த ஏதோ ஒரு பாரத்தை யாரோ அவிழ்த்துவிட்டதுபோலவும் இருந்தது.

அருள் தன் காசில் எனக்கு இன்னொரு சோடா வாங்கித் தந்தான்.

மிச்ச நாட்களெல்லாம் அவன் விசுவமடுவில்தான் நின்றான். செல்வமலரின் அச்சை அளந்து, இரும்பு ஒட்டுகிற கடையில் கொடுத்து ஒரு நெம்புகோல் பூட்டினான். கல் முன்னையதைவிடச் சுகமாக அச்சிலிருந்து கழன்றது. அவள் சம்பளமாக அவனுக்கு ‘ல’வையும் ‘ள’வையும் பிரித்துச் சொல்லப் பழக்கினாள். ராமையாவின் மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் ஒருமாதிரி இழுத்தார். நானும் ஒருமாதிரிக் கனவு காணத் தொடங்கினேன். அன்று பின்னேரம் அருள் தானாகவே சொன்னான்.

“அப்பா, எனக்கு அங்கை, ஜெர்மனியிலை, ஒரு பெம்பிளைப் பிள்ளையைத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும்.”

“எத்தினை நாளா?”

“ஆறு ஒப்பந்தமா,” என்றான்.

7

போன மாதம் செல்வமலரிடமிருந்து கடிதம் வந்தது. பத்திரம் வந்துவிட்டது. வங்கி கடன் கொடுத்தது. மெசின் வாங்கிவிட்டாள், நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். நிரந்தர நியமனம் மட்டும் இன்னும் வரவில்லை. ஆனால் நியமனம் கொடுக்க வேண்டிய கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, தங்கள் சுற்றுமதிலுக்குக் கல் கேட்டுப் போயிருக்கிறாராம். ‘காசு முதலில் வேணும் எண்டு சொன்னனான்’ என்று எழுதியிருந்தாள். இந்தக் கட்டிட வேலைகள் எத்தனை வருடத்துக்கு என்று தெரியவில்லை என்றும், இருக்கும்வரைக்கும் அரிந்து தள்ளுவோம் என்றும் முடித்திருந்தாள். எங்கள் மிளகாய்க் காலத்தில் எனக்கு அந்த ஒரு வரி தோன்றவேயில்லை. அது என்றைக்கும் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அருளுக்கு வீடு இன்னும் கிடைக்கவில்லை. அவன் சொன்ன அந்தப் பிள்ளை வேறொரு நகரத்தில் படிக்கிறாள். அவளுடைய படிப்பு முடியும்வரைக்கும் என்று, மூன்று பேர் சேர்ந்து இருக்கும் ஒரு வீட்டில் ஒரு அறை எடுத்திருக்கிறான். போன சனிக்கிழமை அவனுடைய மெத்தையை நாலாம் மாடிக்குத் தூக்கினோம். அறையில் மெத்தையை விரித்தால் கதவு முழுக்கத் திறக்காது. யன்னலால் ஒரு தேவாலயமும் ஒரு கார்த் தரிப்பிடமும் தெரிந்தன.

மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மூச்சு வாங்கினோம். எட்டாவது ஒப்பந்தம் மாசியோடு முடிகிறது என்று சொன்னான். எனக்கு வழக்கமான வசனம் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவன்தான் கேட்டான்.

“அப்பா, மிளகாய் விலை விழுந்த பிறகு என்ன செய்தனீங்கள்?”

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சொன்னேன். மோட்டார் சைக்கிளை விற்றதைச் சொன்னேன். கனகராயன்குளத்தில் இந்திராவின் தகப்பன் வீட்டில் எட்டு மாதம் கட்டிலில் கிடந்ததைச் சொன்னேன். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் போய்க் கிணற்றடியில் ஒளித்து நின்றதைச் சொன்னேன். கைக்குழந்தையாக இருந்த அவன் என்னைக் கண்டால் அழுவான். அதிகம் பார்த்திராத முகம். பிறகு கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுக்கும் வேலை கிடைத்தது. முதல்நாள், எனக்குக் காணி கிடைத்தபோது பொறாமைப்பட்ட அதே கூட்டாளிக்கு இரண்டு கொத்து அரிசி அளந்து கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சாக்குகளுக்குப் பின்னால் போய் அழுதேன்.

“எப்பிடி அந்தக் கட்டிலாலை எழும்பினனீங்கள்?”

“நான் எங்கை எழும்பினனான்? உன்ர அம்மா கட்டிலை வித்துப்போட்டா.”

அவன் சிரித்தான். இந்தத் தடவை நானும் சிரித்தேன். பிறகு அவன் இன்னும் கேட்டான். பயமாக இருந்ததா, நித்திரை வந்ததா, ஆட்களின் முகத்தைப் பார்க்க எத்தனை நாளாயிற்று. மூன்று ஏக்கரைப் பற்றி இருபது வருடம் நான் சொன்னபோது அவன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அறைக் கதவு அரைவாசி திறந்தது. அதற்குமேல் திறக்காது. அந்த வீட்டில் இருக்கும் பெடியன் ஒருவன் தலையை நீட்டினான். நீள முடி, காதில் வளையம். கோப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, இவர் யார் என்பதுபோல என்னைப் பார்த்தான். அருள் என் தோளில் கையைப் போட்டு ஜெர்மன் மொழியில் சொன்னான்.

“இது என்னுடைய அப்பா. இருபத்தாறு வயதில் எல்லாம் இழந்து வங்குறோத்தானவர்.”

என் தகப்பன் டொக்டர், என் தகப்பன் பேராசிரியர் என்று சொல்கிற அதே குரலில் சொன்னான். அந்தப் பெடியனுக்கும் ஒப்பந்தம் ஆறு மாதம்தான் போலிருக்கிறது. அவன் கண் விரிந்தது. இடுக்கால் உள்ளே நுழைந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு குசினிக்குப் போய், அந்த வீட்டில் நான்கு காலும் ஒழுங்காக இருந்த ஒரே கதிரையைத் தூக்கிவந்து, என்னை அதில் இருக்கச் சொன்னான்.